மலையைப் பார்த்த கட்டில்

திரௌபதி சிஸ்டர் வலியைப் படியால் அளப்பாள். எண்பதுகளில் திருவண்ணாமலையில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். காலையில் கட்டிலோரம் வந்து நின்று, "வலி இன்னிக்கு எவ்ளோ? ஆழாக்கா, உழக்கா, அரைப்படியா, படியா?" என்று கேட்பாள். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் அளந்தே பிழைத்த சனங்களுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும். "நேத்து தலைதட்டின படிம்மா, இன்னிக்கு அரைப்படிக்கு எறங்கியிருக்கு" என்பார்கள். யாராவது "குவிச்ச படி" என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷம் ஊசி போட்டுவிடுவாள். புதிதாக வந்த டாக்டர் சக்கரபாணி அவள் இதை எழுதிவைத்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, ரேஷன் கடையா?" என்று கிண்டல் பண்ணினார். "நல்லா சிரிங்க டாக்டர். சிரிச்சிட்டு மருந்து எழுதிக் குடுங்க" என்றாள் அவள்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. ராத்திரி எந்தப் பக்கம் படுத்தீங்க, ஏன் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் திரும்புங்க பார்க்கலாம் என்பாள். போர்வை ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். உதடு அசைந்தால் குனிந்து, "இன்னா சொல்றீங்க?" என்று கேட்பாள். கண்ணை மூடிச் சாமி பேர் சொல்லிக்கொண்டிருப்பவரைக்கூட விடமாட்டாள். "இன்னா தொணதொணப்பு இது!" என்று சலித்துக்கொண்டவர்கள்கூட, வீட்டுக்குப் போனதும் அவளைப் போல ஒரு சிஸ்டர் கிடையாது என்றுதான் சொன்னார்கள். அந்த நல்ல பேர் காதில் விழும்போதெல்லாம் அவள் அங்கிருந்து நகர்ந்துவிடுவாள். காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கட்டின புருஷனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

செங்கம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள் அவள். அப்பா பெயர் தருமன். தருமன் பெற்ற மகளுக்குத் திரௌபதி என்று பேர் வைத்தால் ஊர் சும்மா விடுமா? பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்த ஊர். "பொண்டாட்டி பேர மவளுக்கு வெச்சான் பாரு" என்று வாய் ஓயாமல் சிரித்தார்கள். தருமன் வாய் பேசாத மனுஷர். ஏர்க்கொழு பாதத்தில் இறங்கியபோதுகூட, வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மிச்ச உழவை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு மனசில் ஒன்று ஊறிப்போயிருந்தது. நல்லவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கத்துகிறவர்கள் சும்மா கத்துகிறார்கள். நர்ஸ் படிப்பு எத்தனையோ சொல்லிக்கொடுத்தது. இதை மட்டும் அது தொடவே இல்லை.

வார்டில் அது எப்படி நடந்தது தெரியுமா? பெரிய டாக்டர் பலராமன் காலையில் ஒரு சுற்று வருவார். வலி அதிகமான கேஸ் என்றால், "தேவைப்பட்டால் பெத்தடின்" என்று வலி ஊசியைச் சீட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். தேவைப்பட்டதா இல்லையா என்று தீர்மானிக்கிறது யார்? சிஸ்டர்தான். மருந்து அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. மருந்து எப்போதும் கம்மி. அதனால் யார் கூப்பாடு போட்டு வார்டையே இரண்டாக்கினார்களோ அவர்களுக்கு ஊசி போட்டாள், அதுவும் வாயை மூடவைக்க. கத்தாதவர்களுக்கு என்ன வந்தது? கத்தவில்லையே, வலி இருந்தால் கத்தமாட்டார்களா என்று நினைத்தாள். முப்பத்திரண்டு வயதுக்கு அவளுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

1978, கார்த்திகை மாதம். அடி அண்ணாமலையிலிருந்து மண்ணாங்கட்டி என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்காமல் போனதால், இதுவாவது நிலைக்கட்டும் என்று வைத்த பேர் அது. நிலைத்துத்தான் இருந்தார், ஐம்பத்தெட்டு வருஷம், மல்லாட்டைப் பயிர் வைத்துக்கொண்டு. இப்போது வயிற்றில் கட்டி. வேலூரில் திறந்து பார்த்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே மனைவி வெள்ளையம்மாள், கையில் ஒரு பனையோலை விசிறியோடு.

முன் வார்டில் ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அந்த ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். மண்ணாங்கட்டி படுத்தார், இடது பக்கம் திரும்பினார், முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டார், இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக்கொண்டார். முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

"வலிக்குதா ஐயா?" என்று திரௌபதி கேட்டாள்.

"கொஞ்சம் இருக்குதும்மா. பரவால்ல."

அவ்வளவு போதும் அவளுக்கு. திரும்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே கால் முறிந்த லாரி டிரைவர் ஒருவன் ஆஸ்பத்திரி இடிந்து விழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். "இவரப் பாத்துக் கத்துக்கோய்யா! இம்மாம் பெரிய நோவு வந்தும் அண்ணாமலையாரப் பாத்துக்கிட்டு எவ்ளோ நிம்மதியா இருக்காரு பாரு!" என்றாள். டிரைவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். வெள்ளையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில்.

அது பரவியது. கேட்க வேண்டுமா? மலையே சாமி என்று கும்பிடுகிற ஊர். சாகக் கிடக்கிறவன் மலையைப் பார்த்தபடி நாமம் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறான் என்றால் சும்மா இருப்பார்களா? ஆயா பொன்னி தினமும் பெருக்க வரும்போது அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள்கூட இந்தக் கட்டிலண்டை வந்து நின்றுவிட்டுப் போனார்கள். திரௌபதிதான் அவர்களை அழைத்து வந்து காட்டினாள். சீட்டில் தினமும் 'கம்ஃபர்டபிள்' என்று அழகான எழுத்தில் எழுதினாள்.

நெற்றி வேர்த்திருந்தது. மழைக்கால ஈரக் காற்றில் ஏன் வேர்க்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, துடைத்துவிட்டாள். சோறு தொடாமல் திரும்பிப் போனது. "சாமி நெனப்புல சோறு எறங்கலம்மா" என்று வெள்ளையம்மாள் சொன்னாள், இவளும் தலையாட்டினாள். போர்வை ஓரம் முறுக்கி முறுக்கித் தாம்புக்கயிறாகிக் கிடந்தது. தினமும் காலையில் அதைப் பிரித்து உதறி விரித்தது இதே திரௌபதிதான். கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருந்தது. பாவி, ஒன்றையும் பார்க்கவில்லை.

தீபத்துக்கு மூன்று நாள் முன்னால் முன் வார்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். தீபத்தன்று கூட்டத்தில் மிதிபட்டு, மயங்கி விழுந்து வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நடக்கிறதுதான். மண்ணாங்கட்டியைப் பின் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, கட்டில் ஒரு மூலையில் சுவரை ஒட்டிக் கிடந்தது. மலையைப் பிரித்துவிட்டோமே என்று திரௌபதிக்கு மனசு கேட்கவில்லை. முன் வார்டில் வேலை தலைக்கு மேலே இருந்ததால் அவளால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியவில்லை.

தீபத்தன்று சாயங்காலம், ஆறு மணி ஆகப் போகிறது. ஆஸ்பத்திரியே வாசலுக்கு வந்துவிட்டது. வெள்ளையம்மாளையும் அவரே, "நீ போயி பாத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டிருந்தார். திரௌபதிக்கு ஒரு யோசனை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அந்த மனுஷனுக்குத் தீபத்தைக் காட்டிவிட வேண்டும். சந்தோஷமாகப் பின் வார்டுக்கு ஓடினாள்.

மண்ணாங்கட்டி படுத்திருந்தார். இடது பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, கையை மார்போடு இறுக்கி. முகத்துக்கு நேரே காரை உதிர்ந்த சுண்ணாம்புச் சுவர். மூக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். உதடு அசைந்துகொண்டிருந்தது.

திரௌபதி அப்படியே நின்றுவிட்டாள். மலை இல்லாத இடத்திலும் அதே படுக்கை. மெதுவாகக் குனிந்து காதைக் கொடுத்தாள். ஒன்பது நாளில் அவள் அந்த உதட்டண்டை காதைக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

"எழுவத்திரெண்டு... எழுவத்திமூணு... எழுவத்திநாலு..."

"ஐயா," என்றாள். "ஐயா, இன்னா பண்றீங்க?"

"நூறு ஆயிடட்டும்மா," என்றார் அவர். நூறு ஆகும்வரை அவள் நின்றாள். பிறகு அவர் மூச்சை விட்டுச் சொன்னார்: "நூறு எண்ணிட்டா ஒரு நூறு கடந்துடுச்சு பாரு. அப்பால இன்னொரு நூறு. அப்டியே ஓட்டிக்கினு கீறேன்."

"மலையப் பாத்துக்கிட்டு... சாமி பேரு..."

"இந்தப் பக்கம் படுத்தாத்தாம்மா கொஞ்சம் கம்மியா இருக்குது. அந்தப் பக்கம் திரும்பினா உசுரே போவுது. மலை இந்தப் பக்கம் இருந்துச்சு. அவ்ளோதான்."

"ஏன் ஐயா எங்கிட்ட சொல்லல?"

அவர் அவளைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. கொஞ்சம் சங்கடமாகத்தான் பார்த்தார். "நீதான் மொத நாளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டியேம்மா, நிம்மதியா இருக்காருன்னு. வர்றவங்க போறவங்க எல்லாம் கையெடுத்துக் கும்புட்டாங்க. எம் பொண்டாட்டி மூஞ்சியில வேற அப்டி ஒரு சந்தோசம். அப்பறம் எப்டி இல்லன்னு சொல்றது?"

வெளியே "அரோகரா!" என்று ஊரே ஒரு குரலில் கத்தியது. மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். திரௌபதி இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு மருந்து அலமாரிக்கு ஓடினாள்.

ஊசி போட்டதும் மண்ணாங்கட்டியின் முழங்கால் மெதுவாக நீண்டது. பிறகு, ஒன்பது நாளில் முதல் தடவையாக, அவர் மல்லாந்து படுத்தார். மறுநாள் பலராமன் டாக்டரிடம் சண்டை பிடிக்காத குறையாக, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் கட்டாயம் பெத்தடின் என்று எழுதி வாங்கினாள். வெள்ளையம்மாள், "இன்னா ஊசிம்மா இது?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னால் ஒன்பது நாள் கதையும் வெளியே வரும். "சத்து ஊசிம்மா" என்றாள் திரௌபதி.

மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார். வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி ஊசி ஒண்ணு கேக்கல, ஒரு சத்தம் போடல. சாமி நெனப்புலயே போயிட்டாரு இல்லம்மா? நீதாம்மா சாட்சி" என்றாள். எதிரே நின்ற உறவுக்காரர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா," என்றாள் திரௌபதி. "வலியே இல்லாமதான் போனாரு."

அழுகிற பொம்பளைக்கு ஆறுதல் சொன்னேன் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பாதி அதுதான். மீதி பாதி தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. எந்தப் பாதி பெரிசு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

படி, ஆழாக்கு எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். 'வலிக்குதா' என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் நம் சனம் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால்தான் உள்ளது வெளியே வரும். அதை அவள் அப்படிக் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு கார்த்திகைக்கும் வெள்ளையம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்து, ஒரு பை மல்லாட்டை கொடுத்துவிட்டுப் போவாள். "எம் புருசன மகான் மாதிரி பாத்துக்கினியே தாயி" என்பாள். அதில் ஒரு கொட்டையைக்கூடத் திரௌபதியால் உடைத்து வாயில் போட முடிந்ததில்லை. பையோடு பொன்னியிடம் கொடுத்துவிடுவாள். இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். கிழவி சிரித்த முகத்தோடு வந்து நிற்பாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள். இப்படியே எட்டுப் பை வந்தது.

ஒன்பதாவது வருஷம் பை வரவில்லை. வெள்ளையம்மாளே வந்தாள், மாட்டு வண்டியில் படுத்தபடி. கர்ப்பப்பையில் புற்று, இடுப்பெலும்பு வரை போயிருந்தது. முன் வார்டு அதற்குள் பெண்கள் வார்டாக மாறியிருந்தது. "எனக்கு அவரு படுத்திருந்த கட்டிலக் குடும்மா" என்று கேட்டு வாங்கி, ஜன்னலோரம் மலையைப் பார்த்துப் படுத்தாள். சக்கரபாணி டாக்டர் கட்டாய ஊசி எழுதினார். திரௌபதி மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"வேணாம்" என்றாள் வெள்ளையம்மாள்.

"அம்மா, வலி எவ்ளோ? ஆழாக்கா, படியா?"

"ஆழாக்குகூட இல்ல." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தலைப்பு ஏற்கனவே கந்தலாகிக் கிடந்தது. "ஊசி போட்டுக்கினா மயக்கத்துல சாமி நெனப்பு வராது. அவரு ஒரு வலி ஊசி இல்லாம போனாரு. நான் மட்டும் ஊசி குத்திக்கினு போயி அவரு மூஞ்சில எப்டி முழிக்கிறது? எங்க நாத்தனா சரசு இல்ல, போன வருசம் மார்ல புத்து வந்து செத்தாளே, அவளே ஆஸ்பத்திரி வேணாம்னுட்டா. அண்ணன் பொறுத்தாரு, நான் பொறுக்கமாட்டனான்னு வூட்டுலயே கெடந்து போனா. ஊரே அவர வெச்சித்தாம்மா தைரியம் சொல்லிக்கிது."

திரௌபதி ஏற்றின ஊசியைக் கீழே வைத்தாள். மண்ணாங்கட்டி ஒருவருக்குத்தான் பாவம் செய்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். சரசு என்று ஒருத்தி. பேர் தெரியாமல் இன்னும் எத்தனை பேரோ. எல்லோருக்கும் அவள் வாயிலிருந்து வந்த ஒரு 'ஆமாம்மா'தான் மருந்து.

ஒரு நாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் டாக்டரை வைத்துத் திட்டவைத்தாள். கிழவி அசையவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போர்வையை உதறப் போனாள். ஓரம் முறுக்கித் தாம்புக்கயிறாக இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்ன பிறகு என்னை செருப்பால அடிங்க."

சொன்னாள். இடது பக்கம் ஏன் படுத்தார் என்பதைச் சொன்னாள். சுவரைச் சொன்னாள், நூறைச் சொன்னாள், சத்து ஊசியைச் சொன்னாள். வார்டில் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். கேட்கட்டும் என்று இருந்தாள்.

வெள்ளையம்மாள் பல்லிலிருந்த தலைப்பை எடுத்தாள். பிறகு, "நூறு ஆனா?" என்று கேட்டாள்.

"மறுபடியும் ஒண்ணுலேருந்தும்மா."

"எத்தினி நாளு?"

"ஒம்போது நாளு."

"அந்த ஒம்போது நாளும் நானும் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்," என்றாள் வெள்ளையம்மாள். "விசிறிக்கினு. பெருமையா."

"உங்க மேல தப்பே இல்லம்மா. தெரிஞ்சிக்க வேண்டியது நான். அதுக்குத்தானே என்னை இங்க வெச்சிருந்தாங்க."

கிழவி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் இல்லாத கண். "நீ நல்லா இருப்பியாடி?" என்றாள். "வருசா வருசம் என் கையால வாங்கினியே. நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

அதைத்தான் திரௌபதியும் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகவும் தோன்றவில்லை. வெள்ளையம்மாள் மலைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பின வேகத்தில் இடுப்பில் வலி வெட்டியது. இந்தத் தடவை தலைப்பைக் கடிக்கவில்லை. "ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்தினாள். மூன்று நாளில் முதல் கத்தல்.

"படி" என்றாள், மூச்சு வாங்க. "குவிச்ச படி. வந்த நாள்லேருந்து குவிச்ச படி. போடு."

கையை நீட்டினாள். திரௌபதி ஊசியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அந்த இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டபடியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கிழவியின் உதடு அசையத் தொடங்கியது. திரௌபதி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இன்னாம்மா சொல்றீங்க?"

"எண்ணுறேன்," என்றாள் வெள்ளையம்மாள். "நூறு எம்மாந்தூரம்னு பாக்கறேன். இருபத்தெட்டு... இருபத்தொம்போது..."

முப்பத்தொன்றில் குரல் நின்றது. கை தளர்ந்தது. மூச்சு சீராக வந்தது, தூங்கிவிட்டாள். திரௌபதி அந்தக் கையை விடாமல் முப்பத்திரண்டிலிருந்து தொடர்ந்து எண்ணினாள். நூறு முடிந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.